லோர்ன் ரோலுக்குச் சிவப்பு சாஸா, பிரவுன் சாஸா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் காலையில் லோர்ன் ரோல் (சாசேஜ் வைத்த பன்) கேட்டால், அடுத்த கேள்வி சாஸ் பற்றித்தான்: சிவப்பா, பிரவுனா?

லோர்ன் என்பது தோல் இல்லாத சாசேஜ். கொத்திய மாட்டிறைச்சி, பன்றியிறைச்சியோடு ரஸ்க் தூளும் மசாலாவும் சேர்த்து, நீளத் தகர அச்சில் அழுத்தி, சதுரத் துண்டுகளாக வெட்டிப் பொரிப்பார்கள். கொழுப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

சிவப்பு சாஸ், அதாவது தக்காளி கெச்சப், இதில் இனிப்பை மட்டும் கூட்டுகிறது. முட்டை ரோலுக்குச் சரி. அவ்வளவுதான்.

பிரவுன் சாஸ் கதையே வேறு. மால்ட் வினிகர், பேரீச்சை, அப்புறம் நம்ம புளி! நம்பாவிட்டால் எச்.பி. என்கிற பிரவுன் சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் புளிப்பு பட்டதும் கொழுப்பின் திகட்டல் அடங்கிவிடுகிறது. ரோல், மேல்புறம் கருகும் அளவுக்குச் சுட்ட 'வெல் ஃபயர்ட்' வகையாக இருந்தால், அந்த லேசான கசப்புக்கும் இதுதான் ஜோடி. உள்ளே டாட்டி ஸ்கோன் என்கிற உருளைக்கிழங்கு ரொட்டியும் வைத்தால் அது சாஸை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் கூடவே ஊற்றச் சொல்லுங்கள்.

மிருதுவான சாதா ரோலில் பேக்கன் (உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டு) மட்டும் என்றால், கெச்சப் கேட்பவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை.