வார்னிஷுக்கு 6,800 ரூபாய் வாங்கிட்டு ஒரு நிமிஷம் ஜெல் வச்சு அனுப்பிட்டாங்க

மதுரைக்குள்ளயே மூணு நாலு கிளை வச்சிருக்கிற ஒரு பல் கிளினிக். பேர் வேணாம். வீட்டுப் பிள்ளைக்கு 15 வயசு, போன சனிக்கிழமை கிளிப் கழட்டினாங்க. கழட்டின கையோட "எனாமல் பாதுகாப்பு பேக்கேஜ்", நாலு தடவை ஃப்ளோரைடு வார்னிஷ், 6,800 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே.

நம்பினது எங்கன்னா, அந்த உதவியாளர் பொண்ணு கைக்கண்ணாடியைப் பிடிச்சுக் காட்டின இடத்துல. "பாருங்கண்ணே, கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுத்தி சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு. இப்பப் பூசலைன்னா குழி விழுந்துரும்." சொன்னதுல பொய்யே இல்ல. கிளிப் ஓரத்துல அழுக்கு தங்கி, அதுல ஊறுற அமிலம் பல்லோட மேல் ஓடான எனாமல்ல இருக்கிற கால்சியத்தை அரிச்சாத்தான் அந்த வெள்ளை வரும். குழியாகிறதுக்கு முன்னாடி ஃப்ளோரைடு கொடுத்தா அந்த இடம் திரும்ப இறுகும். அதான் 6,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தாச்சு.

உள்ள நடந்தது வேற. ஸ்பாஞ்ச் ட்ரேயில ஜெல்லை வழிய வழிய ஊத்தி, வாயில வச்சு, ஒரே நிமிஷத்துல எடுத்துட்டு, "கொப்பளிச்சுத் துப்பும்மா"ன்னாங்க. எச்சில் உறிஞ்சுற குழாயைக்கூட வைக்கல.

வார்னிஷ்ங்கிறது ட்ரேயில வைக்கிற சாமானே இல்ல. 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, அதாவது பத்து லட்சத்துல 22,600 பங்கு ஃப்ளோரைடு (பிபிஎம்). பல்லைப் பஞ்சால துடைச்சு, குட்டி பிரஷ்ஷால மெல்லிசாப் பூசணும். வாய் முழுக்கவே அரை மில்லிக்குள்ள முடிஞ்சிரும். எச்சில் பட்டதும் இறுகிப் பிடிச்சுக்கும். நாக்கால தடவினா பிசுபிசுன்னு ஒரு படலம் தட்டுப்படும், பல பிராண்டுல லேசா மஞ்சளாவும் தெரியும். வெளிய வர்றப்ப பல்லு வழுவழுன்னு இருந்துச்சுன்னா வார்னிஷ் போடலன்னு அர்த்தம்.

சரி, ஜெல்லாவது ஒழுங்கா வச்சாங்களா? 1.23 சதவீத அமில ஃப்ளோரைடு ஜெல்லுக்கு நாலு நிமிஷக் கணக்கு. ட்ரேயில பாதிக்கும் கம்மியாத்தான் ஊத்தணும், விழுங்கினா குமட்டும். முடிஞ்சதும் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரம் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. பிள்ளைக்குக் கீழ்ப் பல்லு ரெண்டுல பல் கலர் ஃபில்லிங் இருக்கு. அமில ஜெல் ஃபில்லிங்கையும் செராமிக் கேப்பையும் அரிச்சு மங்கலாக்கும். அந்த மாதிரி வாய்க்கு அமிலம் இல்லாத நியூட்ரல் ஜெல், இல்ல வார்னிஷ். இதைக்கூட யாரும் கேட்கல.

திங்கக்கிழமை போன் பண்ணா "டாக்டர் கேம்ப் போயிருக்காரு." செவ்வாய் நேர்ல போனா "ரெண்டும் ஒண்ணுதான்ணே, ஜெல்தான் வார்னிஷ்." நேத்து மேனேஜர், "பேக்கேஜ் பணம் ரீஃபண்ட் ஆகாது, அடுத்த சிட்டிங்ல பார்த்துக்கலாம், பைய வாங்க." பில்லை எடுத்துப் பார்த்தா "எனாமல் கேர் - 6,800"ன்னு மட்டும் இருக்கு. வார்னிஷ்ங்கிற வார்த்தையே இல்ல.

எப்படித் தப்பிக்கிறதுன்னு விளக்கமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. அதனால சுருக்கமா: பூசுறதுக்கு முன்னாடி பாக்கெட்டை வாங்கிப் படிங்க, 5 சதவீதமான்னும் காலாவதித் தேதியும் பாருங்க. பில்லுல "ஃப்ளோரைடு வார்னிஷ், 1வது தடவை"ன்னு எழுத வைங்க. நாலு தடவைக்கும் சேர்த்துக் கொடுக்காதீங்க, மூணுலருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் போடுறது, அப்பப்பக் கொடுத்தாப் போதும். போட்ட அன்னைக்கு முறுக்கு, சூடா டீ வேணாம், பிரஷ் மறுநாள் காலையில. உசிலம்பட்டிப் பக்கம் ஃப்ளோரைடு அதிகமான போர் தண்ணி குடிச்சுப் பல்லு பழுப்பானவங்களுக்கும் இதையே விக்கிறாங்களாம். அந்தக் கறை வார்னிஷுக்குப் போகாது, அது எனாமல் உருவாகுறப்பவே உள்ள ஏறினது.

பில்லோட தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சாச்சு. அந்த 6,800 ரூபா வரலைன்னா அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்.