கோல்ட் 1903-ஆ, சாவேஜ் 1907-ஆ?

அமெரிக்காவில் நூறு வயதான சட்டைப்பைத் துப்பாக்கி ஒன்றை வாங்கிச் செப்பனிட நினைப்பவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை கோல்ட் 1903, சாவேஜ் 1907. இரண்டும் பாயிண்ட் 32 அளவுத் தோட்டாவுக்கானவை. நான் வாங்கியது கோல்ட். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஐம்பது ஆண்டு கடந்தவை என்பதால் மத்திய அரசின் சேகரிப்பாளர் உரிமத்தில் வாங்கலாம். மாநிலச் சட்டம் தனி. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் மட்டும் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. அவர்களுக்குச் சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே தடை.

தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் சாவேஜுக்குப் பத்துத் தோட்டா, கோல்டுக்கு எட்டு. விலையும் பொதுவாகச் சாவேஜுக்கே குறைவு. கோல்டின் விலையில் அதை வடிவமைத்த ஜான் பிரவுனிங்கின் பெயரும், அமெரிக்க ஜெனரல்கள் இடுப்பில் செருகிய பெருமையும் சேர்ந்துகொள்கின்றன.

ஆனால் வாங்கிய பின் வருகிற பராமரிப்பில்தான் எல்லாம் முடிவாகிறது, குறிப்பாகக் கைப்பிடியின் இருபுறமும் பொருத்திய பலகையில். பழைய துப்பாக்கியில் துரு முதலில் ஒளிவது அதன் அடியில்தான். கைவியர்வையின் உப்பு அங்கே இறங்கித் தங்கிவிடுகிறது. கோல்டில் பக்கத்துக்கு ஒரு திருகு. அளவான திருப்புளியால் கழற்றினால் பலகை கையோடு வந்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்து மாட்டிவிடலாம். சாவேஜின் உடலில் திருகே கிடையாது. செவ்விந்தியத் தலை பொறித்த கெட்டி ரப்பர் பலகை உடலோடு கவ்வி நிற்கிறது. அதை வளைத்துத்தான் எடுக்க வேண்டும். புதிதில் வளைந்த ரப்பர், நூறு ஆண்டில் அப்பளமாகிவிட்டது. அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்கப்போனால் பலகை போய்விடும். பார்க்காவிட்டால் துரு தின்னும். மாற்றுப் பலகை போட்டால் சேகரிப்பாளரிடம் மதிப்பு இறங்கும்.

உதிரிபாகத்திலும் அதே கதை. கோல்ட் 1945 வரை ஐந்தரை லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. அதற்கான ஸ்பிரிங்கை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1920-இல் நின்றுபோன சாவேஜுக்குப் பெரும்பாலும் இன்னொரு சாவேஜைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், துருவைத் தடுக்க இரும்பின்மேல் ஏற்றும் நீல மெருகைப் புதிதாக ஏற்ற வேண்டாம். மெருகுக்கு முன் சக்கரத்தில் தேய்க்கும்போது பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், திருகுத் துளையின் ஓரம் குழிந்துபோகும். விற்கும்போது தேர்ந்த கண் அதைத்தான் முதலில் பார்க்கும். மங்கிய அசல் மெருகுக்குப் பளபளக்கும் புது மெருகைவிட விலை அதிகம்.

கோல்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1926 வாக்கில்தான் மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் அமைப்பு வந்தது. அதற்கு முந்தையவற்றில் மேகசினை உருவிய பிறகும் விசையை அழுத்தினால் குழலில் தங்கிய தோட்டா வெடிக்கும். மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

சாவேஜை நான் அதிகம் சுட்டதில்லை; அதன் சுழலும் குழலால் உதைப்பு குறைகிறதா என்று கேட்டால் என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுடாமல் அலமாரியில் வைத்து ரசிக்கத்தான் என்றால், பலகைகள் விரிசலின்றி இருக்கும் சாவேஜ் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். அந்தப் பலகைகளை மட்டும் கழற்றாதீர்கள்.