கூகுள் டிரான்ஸ்லேட்: 'அவர் மருத்துவர்', 'அவள் ஆசிரியர்'

ஆங்கிலத்தில் எழுதி, கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழாக்கி, அப்படியே வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புகிறவர்களுக்காக இந்த மதிப்பீடு. 2011 ஜூனில் அதில் தமிழ் சேர்ந்தது. விஷயம் புரிய இன்று நன்றாகவே உதவுகிறது. மரியாதைக்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

முன்னிலையில் தொல்லை குறைவு. 'யூ' பெரும்பாலும் 'நீங்கள்' ஆகிவிடும். (யாழ்ப்பாணத்தில் இடைப்பட்ட மரியாதைக்குப் புழங்கும் 'நீர்' வராது.) படர்க்கையில்தான் உதைக்கிறது. 'ஹீ இஸ் எ டாக்டர்' என்றால் 'அவர் ஒரு மருத்துவர்'. 'ஷீ இஸ் எ டீச்சர்' என்றால் 'அவள் ஒரு ஆசிரியர்' என்று வருவது வழக்கம். 'ஷீ'க்குள் மரியாதையின் அளவு இல்லை. கருவி தான் கற்ற உரைகளில் அதிகம் கண்டதை எடுத்துப் போடுகிறது. தலைமையாசிரியையைப் பற்றி 'அவள் சொன்னாள்' என்று பெற்றோர் குழுவில் போய்விட்டால், எந்திரத்தின் தவறு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கொரிய நிறுவனமான நேவரின் மொழிபெயர்ப்புக் கருவி பாப்பகோவில், கொரிய மொழிக்கு மரியாதை நடையைத் தேர்ந்தெடுக்கவே ஒரு பொத்தான் உண்டு. கூகுளில் தமிழுக்கு அது இல்லாதது பெரிய குறை.

அதுவரை கைவேலைதான். ஆங்கிலத்தில் 'ஷீ', 'ஹீ' போடாமல் பதவியையோ உறவையோ எழுதினால் 'சொன்னார்' என்று வரும் வாய்ப்பு கூடும். தமிழில் திருத்தும்போது 'அவள்' என்பதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். 'அவர் சொன்னாள்' என்று பாதியில் நிற்கும். 'அவளுடைய', 'அவளிடம்', வினையின் கடைசி எழுத்துகள் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஏவல் வாக்கியம் இன்னொரு பொறி. 'சென்ட் தி ஃபைல்' என்று மட்டும் கொடுத்தால் 'கோப்பை அனுப்பு' என்று வரலாம். 'ப்ளீஸ்' சேர்த்தால் 'தயவுசெய்து கோப்பை அனுப்பவும்' ஆகும். இதில் 'தயவுசெய்து'வை நீக்குங்கள். தமிழில் பணிவை வினையே சுமக்கும். ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொல் வந்தால் கெஞ்சுவது போலவோ பொறுமை இழந்தது போலவோ கேட்கும். 'அனுப்பவும்' அறிவிப்புப் பலகையின் நடை. தெரிந்தவருக்கு 'அனுப்புங்கள்', மூத்தவருக்கு 'அனுப்ப முடியுமா?' என்று மாற்றினால் போதும்.

கடைசி வரியையும் படிக்காமல் அனுப்பாதீர்கள். கடித முடிவில் வரும் 'ரிகார்ட்ஸ்' சில நேரம் 'வாழ்த்துகள்' ஆகிவிடும். அலுவலகக் கடிதத்தில் அது வெறும் உறுத்தல். இரங்கல் செய்தியில், துக்கத்தில் இருப்பவரை வாழ்த்திவிட்டு வந்தது போலாகும். அங்கே 'ரிகார்ட்ஸ்' எழுதாமல் விட்டு, பெயரை மட்டும் நீங்களே தமிழில் தட்டச்சு செய்யுங்கள்.