முதல் கடைசல் மிஷின்: பெட்டியில் வருவதா, பட்டறையில் அடித்ததா?

மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் (கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருவம் எடுப்பது) தமிழில் ஒரே வினைதான். அந்த மோர் கடையும் மத்தே கடைசலில் பிறந்தது. பம்பரமும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் வைத்து விளையாடி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘வீட்டு ஷெட்டில் ஒரு கடைசல் மிஷின் போடணும், எதை வாங்கலாம்?’ என்று யாராவது கேட்டால் பதில் மூன்று பக்கம் இழுக்கிறது. ஆன்லைனில் விற்கும் மணி கடையும் குட்டி லேத், பெட்டியில் வரும் வார்ப்பிரும்பு மினி லேத், உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் அடித்துச் செய்த கட்டில் கால் மிஷின்.

குட்டி லேத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 775 என்ற டி.சி. மோட்டார், ஒரு அடாப்டர், கட்டையைக் கவ்விப் பிடிக்க விரல் நீளத்தில் ஒரு சக். ருத்ராட்ச அளவு மணி, சின்னப் பம்பரம் வரைக்கும் சரி. உளியைக் கொஞ்சம் அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். வாங்கிய பலர் இரண்டாவது மாதம் ‘எனக்குக் கடைசல் வரவில்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். வராதது மிஷினுக்கு.

மற்ற இரண்டில் எது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் கடையப்போவது நீள சாமானா, குழிவு சாமானா? பூரிக்கட்டை, ஸ்டூல் கால், உளிப் பிடி எல்லாம் நீளம். இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு கடைவது. கிண்ணம், தட்டு, மூடி போட்ட டப்பா எல்லாம் குழிவு. ஒரு பக்கம் மட்டும் பிடித்து, முகத்தைக் குடைவது. இதற்குப் பதில் சொல்லாமல் மிஷின் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

உள்ளூர் மிஷின் பிறந்ததே கட்டில் காலுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக் கம்புக்கும்தான். 4 அடி, 6 அடி நீளத்தில் பெட், அதாவது எல்லாம் உட்காரும் அடிச்சட்டம். 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), படிப்படியான புல்லி, வி-பெல்ட். மோட்டார் போனால் உங்கள் ஊர் வைண்டிங் கடைக்காரரே பார்த்துவிடுவார். பெல்ட் எங்கும் கிடைக்கும். கனமும் தாராளம். கடைசலில் கனம் என்பது பாதிச் சண்டையில் ஜெயித்த மாதிரி, ஏனென்றால் அதிர்வைத் தின்பது எடைதான். நீள சாமான் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியாது.

குழிவில் கை வைக்கும்போதுதான் சிக்கல். என் முதல் மிஷின் ஒரு கட்டில் பட்டறையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதன் ஆகக் குறைந்த வேகம் 720. 10 அங்குல விட்டத்தில் பச்சைப் பூவரசங் கட்டை ஒன்றைப் பேஸ்பிளேட் என்ற சுழலும் இரும்புத் தட்டில் திருகி ஸ்விட்சைப் போட்டேன். கட்டை உருண்டை ஆகவில்லை, ஒரு பக்கம் பட்டையோடு கனமாக இருந்தது. மிஷின் தரையில் அரை அடி நடந்தது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 10 அங்குலக் கட்டை 720-ல் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதையே 1440-ல் போட்டால் கிட்டத்தட்ட 70.

கடைசல்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்-ஆல் பெருக்கினால் விடை 6000-க்கும் 9000-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. ஆனால் அது உருண்டையான, சமநிலையான கட்டைக்கு. கரடுமுரடான கட்டையை 300, 400-ல்தான் தொடங்க வேண்டும். அந்த 300 உள்ளூர் மிஷினில் பெரும்பாலும் இல்லை.

பெட்டி மிஷின் ஜெயிப்பது இந்த இடத்தில். உதாரணத்துக்கு ஜெட் 1221 வி.எஸ். மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டுக்கு மேல் சுமார் 12 அங்குல விட்டம் சுற்றும், இரண்டு முனைக்கும் நடுவில் சுமார் 21 அங்குலம், வேகம் 60-லிருந்து 3600 வரை. பெல்ட்டை மூன்று படிகளில் ஒன்றில் போட்டுவிட்டால், அந்தப் படிக்குள் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். ஆனால் ‘மினி லேத்’ என்று பெயர் போட்ட எல்லாமே இப்படி இல்லை. குறைந்த வேகமே 700, 750 என்று இருக்கும் மலிவு மாடல்களும் உண்டு. அதை வாங்குவதற்குக் கட்டில் கால் மிஷினே மேல். இன்னொன்று, வேகக் கட்டுப்பாட்டு போர்டு எரிந்துபோனால் உங்கள் ஊர் வைண்டிங் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

அடுத்தது மரை. மேலே சொன்ன ஜெட்டில் ஸ்பிண்டில், அதாவது சுழலும் தண்டின் மரை 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 சுற்று. பல ஐரோப்பிய மிஷின்களில் எம்33, அதாவது 33 மி.மீ. மரை. இந்த இரண்டுக்கும் கடையில் சக் கிடைக்கும். உள்ளூர் மிஷினில் என்ன மரை என்று கேட்டால் ‘போல்ட்டு மரைதான் சார்’ என்று பதில் வரும். எனக்கு வந்தது. நான்கு தாடை ஸ்க்ரோல் சக்கை அதில் மாட்ட இரும்பு லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கினேன். முதல் அடாப்டர் ஆட்டம் கொடுத்தது, இரண்டாவதுதான் நேராக ஓடியது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. உள்ளூர் மிஷினில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைக் கழற்றிவிட்டு, த்ரீ ஃபேஸ் மோட்டாரும் சிங்கிள் ஃபேஸில் ஓடும் வி.எஃப்.டி-யும் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின் பெட்டி) போடுவது. வேகம் கைக்குள் வந்துவிடும். கனமும் இருக்கும், மோட்டாருக்கு ஊரிலேயே ஆளும் இருக்கும். நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. மின்வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாதவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர் வேகம் மாற்றக்கூடிய பெட்டி மிஷினுக்கே போகட்டும்.

இனி உளி. ‘8 உளி செட்’ என்று மரப்பெட்டியில் அழகாக வரும். அதில் மூன்றைத்தான் தொடுவீர்கள். பல மலிவு செட்டுகள் கார்பன் ஸ்டீல். சாணையில் கொஞ்சம் அசந்தால் நுனி நீலம் பாய்ந்து பதம் இறங்கிவிடும், தண்ணீரில் தொட்டுத் தொட்டுத்தான் தீட்ட வேண்டும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) உளி நீலம் பாய்ந்தாலும் பதம் விடாது. தீட்டவே இப்போதுதான் பழகுகிற கைக்கு அதுதான் சரி. பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அந்தக் கை வேறு. அரம் நொறுங்கும் இரும்பு, கட்டை கொத்திக்கொண்டால் துண்டாகித் தெறிக்கும்.

கார்பைடு நுனி உளியா, தீட்டுகிற உளியா என்பதுதான் புதியவர்களிடையே பெரிய வழக்கு. கார்பைடில் சதுர நுனிக்கு நான்கு பக்கம். ஒன்று மழுங்கினால் திருகைத் தளர்த்தித் திருப்பிவைத்தால் வேலை முடிந்தது. மட்டமாகப் பிடித்து, கட்டையின் நடுமட்டத்தில் உள்ளே தள்ளினால் போதும். பத்து நிமிடத்தில் ஏதோ ஒன்று உருவாகிவிடும். ஆனால் அது சீவுவதில்லை, சுரண்டுகிறது. மா மாதிரி மென்மையான மரத்தில் நார் பிய்ந்து நிற்கும், பிறகு 80-ம் நம்பர் உப்புத்தாளோடு மல்லுக்கு நிற்க வேண்டும். நன்றாகத் தீட்டிய கௌஜ் என்ற குழிவான உளியில், சரிவுப் பக்கத்தைக் கட்டை மேல் சாய்த்து, பிடியை மெல்லத் தூக்கிக்கொண்டே வந்தால் ஒரு கணத்தில் தூள் நின்று சுருள் வரத் தொடங்கும். பச்சை மரம் என்றால் முழ நீளத்துக்கு ரிப்பன் மாதிரி கைமேல் வந்து விழும். அந்தப் பரப்பு உப்புத்தாள் போடாமலே மினுங்கும். வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவருக்குக் கார்பைடு. கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்குக் கௌஜ். நான் இரண்டாம் கட்சி.

அந்தக் கட்சிக்கு விலை சாணையில் இருக்கிறது. என் கணக்கில் உளிக்கு ஒரு ரூபாய் என்றால் தீட்டுவதற்கு ஒரு ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். 8 அங்குல பெஞ்ச் கிரைண்டர், 1400 சுற்றில் ஓடுவதாக இருந்தால் நல்லது. சாதாரணச் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஜிக். உளி மூன்று போதும்: கரடு எடுக்கும் ரஃபிங் கௌஜ், ஒரு ஸ்பிண்டில் கௌஜ், வெட்டிப் பிரிக்க ஒரு பார்ட்டிங் உளி. கிண்ணம் என்றால் நான்காவதாக பௌல் கௌஜ். ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் வைத்துவிடாதீர்கள். பிடிக்குள் போகும் அதன் வால் தட்டையானது, கொத்திக்கொண்டால் அங்கேதான் ஒடியும்.

முழு முகத்தையும் மறைக்கும் கவசம் வாங்குங்கள், கண்ணாடி மட்டும் போதாது. கையுறையும் துப்பட்டாவும் மிஷின் பக்கம் வரக்கூடாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் டெயில்ஸ்டாக்கை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும், நகரும் பகுதி) ஹெட்ஸ்டாக் (கட்டையைச் சுழற்றும் பகுதி) வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பக்கத்துக் கூர் முனைகளையும் ஒட்டிப் பாருங்கள். நுனியோடு நுனி தொட வேண்டும். ஒரு நூல் விலகி நின்றாலும் நீள சாமானில் துளை போடும்போது அகலமாகிவிடும். எனக்கு விற்றவர் ‘அதெல்லாம் ஓட ஓட சரியாகிவிடும்’ என்றார். ஆறு மாதம் ஓட்டினேன். கடைசியில் டெயில்ஸ்டாக்குக்கு அடியில் பித்தளைத் தகடு வைத்த பிறகுதான் சரியானது.