மைவிக்கு 28 வெள்ளி ஏர் ஃபில்டர்: பெட்ரோல் மிச்சமாகுமா?

சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறையில் என் மைவி காருக்குப் போட்டேன், இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் சாதாரண காகித ஃபில்டர்தான், 28 வெள்ளி. "மாத்துங்கண்ணே, எண்ணெய் கம்மியா இழுக்கும்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன், ஏனென்றால் தினமும் செம்பனைத் தோட்டத்து மண் பாதையில்தான் வேலைக்குப் போய் வருகிறேன், வெயில் நாளில் முன்னால் ஒரு லாரி போனால் பாதையே தெரியாது, கழற்றிய பழைய ஃபில்டரைத் தட்டியபோது செம்மண் அப்படிக் கொட்டியது.

சரி, கணக்குப் பார்ப்போம் என்று மாற்றுவதற்கு முன் மூன்று டேங்க், மாற்றிய பின் மூன்று டேங்க் எழுதி வைத்தேன், ஒரே நிலையம், ஒரே பம்ப். முன்பும் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், இப்போதும் 14தான்.

ஃபில்டரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன வார்த்தைதான் தப்பு. மைவி இன்ஜெக்‌ஷன் வண்டி, பெட்ரோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து பீய்ச்சும், உள்ளே போகும் காற்று குறைந்தால் அது பெட்ரோலையும் குறைத்துவிடும். நாம் மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்துவோம், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்தபோதும் இதேதான்: அடைத்த ஃபில்டரால் இன்ஜெக்‌ஷன் கார்களின் எண்ணெய்ச் செலவு கூடவில்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அது எனக்கும் நன்றாகவே தெரிந்தது. பின் சீட்டில் அம்மாவும் தங்கச்சி பிள்ளைகளும் இருக்க, மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் முன்பு முக்கிய வண்டி இப்போது சிரமமில்லாமல் ஏறுகிறது.

கார்பரேட்டர் வண்டி, அதாவது கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய வகை, வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. தோட்டத்தில் இன்னும் ஓடும் பழைய கஞ்சில் கார், ஈஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிள் எல்லாம் காற்று குறைந்ததைத் தெரிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது, கலவையில் பெட்ரோல் கூடிப்போய் கறுப்பாகப் புகைவிடும். பழைய கார்பரேட்டர் கார்களில் ஃபில்டர் மாற்றினால் 2 முதல் 6 விழுக்காடு மிச்சமாகும் என்கிறார்கள், ஓட்டுவதே சிரமமாகும் அளவுக்கு அடைத்திருந்தால் 14 வரைகூட. அவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

இந்த ஃபில்டரின் ரப்பர் ஓரம் பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் கச்சிதமாக உட்காருகிறது. எனக்கு அதுதான் முக்கியம், ஓரத்தில் தூசி நுழைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும், அந்தச் செலவுக்கு முன்னால் 28 வெள்ளி ஒன்றுமே இல்லை. சில பட்டறைகளில் பழையதையே காற்றடித்துத் திரும்பப் போடுவார்கள், பலமாக அடித்தால் காகிதம் கிழியும், பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணெய் மிச்சம் வேண்டுமென்றால் டயர் காற்றைப் பாருங்கள். தூசிப் பாதையில் ஓடும் வண்டிக்கு மட்டும் இந்த ஃபில்டரைத் தயங்காமல் வாங்கிப் போடுங்கள், நான் அடுத்த முறையும் இதையேதான் போடுவேன்.