நரம்பு சுருட்டலுக்கு எது ஏற்றது: லேசரா, ரேடியோ அலையா, பசையா, நுரையா?

ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்கள், சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிற்சாலைகளில் நின்றபடியே பழம் தரம் பிரிப்பவர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், டீச்சர்கள்... ஆடுசதையில் நெளிந்து புடைத்த குழாய் இவர்களில் பலருக்கு உண்டு. ஊரில் அதற்கு 'நரம்பு சுருட்டல்' என்று பெயர். அந்தப் பெயரை நம்பி நரம்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டே வருடங்களைக் கடத்துகிறார்கள். புடைப்பது நரம்பல்ல, சிரை. காலிலிருந்து ரத்தத்தை மேலே அனுப்பும் குழாயின் வால்வுகள் சரியாக மூடாததால் ரத்தம் கீழே திரும்புகிறது. கசியும் அந்தக் குழாயை அடைத்துவிட்டால் ரத்தம் ஆழத்தில் உள்ள நல்ல சிரைகள் வழியே போய்விடும். கீழே சொல்லும் எல்லா முறைகளும் இதைத்தான் செய்கின்றன, அடைக்கும் விதம்தான் வேறு.

முறையைத் தேர்வதற்கு முன், ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒழுங்காக இருக்க வேண்டும். நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் கசிவு தப்பிவிடும். பின்னோட்டம் அரை விநாடிக்கு மேல் இருக்கிறதா, குழாயின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், தோலிலிருந்து எவ்வளவு ஆழம், ஆழ்சிரைகளில் பழைய அடைப்பு உண்டா, இந்த நான்கும் ரிப்போர்ட்டில் வேண்டும். ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேல் குழாய்தான் மாற்றுப்பாதையாக இருக்கலாம். அதையும் மூடினால் கால் இன்னும் வீங்கும்.

தொடை இடுக்கிலிருந்து இறங்கும் பெரிய குழாய் நேராக இருந்தால் சூட்டால் அடைப்பதே முதல் தேர்வு. ரேடியோ அலை முறையில் முழங்கால் அருகே ஊசித்துளை வழியே கதீட்டர் என்ற மெல்லிய கருவியை ஏற்றி, ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்கு சுமார் 2 செ.மீ. கீழே நுனியை நிறுத்துவார்கள். அதன் 7 செ.மீ. நீளப் பகுதி 120 டிகிரிக்குச் சூடாகி 20 விநாடி நிற்கும். முதல் இடத்தில் இருமுறை, பிறகு கீழே இழுத்து இழுத்து ஒவ்வொரு முறை. நேரத்தை இயந்திரமே கணக்கிடுவதால் கைத்தவறு குறைவு. லேசரில், குழாய்க்குள் விட்ட ஒளி இழையை (ஃபைபர்) இழுக்கும் வேகம் டாக்டர் கையில். வேகமாக இழுத்தால் குழாய் அரைகுறையாக மூடிப் பின்னால் திறக்கும். மெதுவாக இழுத்தால் சுவர் துளைபட்டு ரத்தம் கட்டி வலிக்கும். பழைய 810, 980 நானோமீட்டர் லேசர்களுக்கு இந்தக் கெட்ட பெயர் நியாயமானதே. 1470 நானோமீட்டரில், சுற்றிலும் ஒளி சிந்தும் ஃபைபர் என்றால் ரேடியோ அலைக்கும் அதற்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே 'லேசர்' என்ற சொல்லோடு நிறுத்தாமல் எந்த அலைநீளம், எந்த ஃபைபர் என்று கேளுங்கள். அந்த டாக்டருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்பதற்கு நான் இன்னும் அதிக மதிப்பு கொடுப்பேன்.

இரண்டிலுமே குழாயைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை நீளம் முழுக்க ஏற்ற வேண்டும். அது வலியை மறைக்கிறது, குழாயைச் சுருக்கிச் சூட்டோடு ஒட்ட வைக்கிறது, தோலையும் நரம்பையும் சுடாமல் காக்கிறது. இதில் கஞ்சத்தனம் காட்டினால்தான் தோல் வெந்துபோகிறது. முழங்காலுக்குக் கீழே உணர்வு நரம்பு குழாயை ஒட்டியே ஓடுவதால், அங்கே சூடு வைத்தால் கணுக்கால் உட்பக்கம் மரத்துப்போகலாம்.

பசைக்கு அந்தச் சிக்கல் இல்லை. சயனோஅக்ரிலேட் என்ற பசையை 0.1 மி.லி. அளவாக, சுமார் 3 செ.மீ. இடைவெளியில் விட்டு வெளியே அழுத்திப் பிடிப்பார்கள், முதலில் 3 நிமிடம், பிறகு 30 விநாடி. நீளம் முழுக்க ஊசி குத்தும் வேதனை கிடையாது. பெரும்பாலும் காலை இறுக்கும் ஸ்டாக்கிங்ஸும் வேண்டாம், தர்மபுரி ஏப்ரல் வெயிலில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் செலவு கூடுதல். சிலருக்கு ஓரிரு வாரத்தில் குழாய் வழியே தோல் சிவந்து அரிக்கும். பசை உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் ஒட்டுப்பொருள் அலர்ஜி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

நுரை ஊசிதான் மலிவு. பொலிடோகனால் போன்ற மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு, இரண்டு சிரிஞ்சுக்கு இடையே இருபது முறை தள்ளி நுரையாக்கி உடனே செலுத்துவார்கள். ஓர் அமர்வுக்கு 10 மி.லி.க்கு மேல் போவதில்லை. வளைந்து நெளிந்த கிளைகளுக்கும், மறுபடி வந்தவற்றுக்கும் இதைவிட எளிது வேறில்லை. பெரிய குழாய்க்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். ரத்தத்தில் கலந்து வீரியம் குறைவதால் மறுபடி திறக்கும். 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஐந்து ஆண்டு கழித்தும் நுரையைவிட லேசரும் அறுவையும் பெற்றவர்களே நலமாக இருந்தார்கள். நம் நிறத்தில் பழுப்புத் தடமும் மாதக்கணக்கில் தெரியும். ஒற்றைத் தலைவலியோ இதயத்தில் ஓட்டையோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சேலமோ பெங்களூருவோ போய்ச் செய்துகொள்பவர்கள் திரும்பும் வழியில் காலைத் தொங்கப்போட்டே உட்காராமல், வண்டியை நிறுத்தி நடக்க வேண்டும். பல டாக்டர்கள் ஒரு வாரத்துக்குள் மறு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அடைப்பு ஆழ்சிரைக்குள் நீண்டிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். அதை ஊரிலேயே எங்கே எடுப்பது என்று கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

கணுக்காலில் ஆறாத புண் இருப்பவர்கள் 'முதலில் புண் ஆறட்டும்' என்று தள்ளிப்போடுவதுதான் மனதை வருத்துகிறது. 2018 ஆய்வில், அழுத்தக் கட்டோடு சேர்த்துக் குழாயையும் சீக்கிரமே அடைத்தவர்களுக்குப் புண் ஆற இடைநிலையாக (பாதிப் பேருக்கு அதற்குள் ஆறியது) 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். கட்டு இறுக்கும் முன் பாதத்தில் நாடி பார்த்துவிட வேண்டும். சர்க்கரையோ பீடிப் பழக்கமோ உள்ளவருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் அடைபட்டிருந்தால், இறுக்கிய கட்டே காலைக் கெடுத்துவிடும்.