வெளிநாட்டு எண்டூரன்ஸ் பேக்கேஜ்: குதிரையின் எண் வராமல் பணம் கட்டாதீர்கள்

கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் குதிரை ஏறுகிற நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேக்கேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரான்ஸில் 120 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் போட்டி, அதாவது நெடுந்தூரக் குதிரையோட்டம், வாடகைக் குதிரை, நிறுத்தங்களில் குதிரையைக் கவனிக்க இரண்டு குரூ ஆட்கள், நுழைவுக் கட்டணம், தங்குமிடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. எங்கள் வட்டத்தில் ஒருவர் 34,000 ரிங்கிட் கட்டிப் போனார். போட்டிக்கு முந்தின மாலை நடந்த முதல் பரிசோதனையிலேயே குதிரை நொண்டுகிறது என்று கால்நடை மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, பணமும் திரும்பவில்லை. போலீஸில் ரிப்போர்ட் செய்திருப்பதால் ஏஜெண்டின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட முக்கியம் வழிமுறை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சீசனுக்கும் இதே ஆள் வரலாம்.

மோசடி முழுவதும் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது: "தவிர்க்க முடியாத காரணத்தால் நிகரான வேறு குதிரை வழங்கப்படும்." எதில் நிகர் என்று எங்கும் எழுதவில்லை. காட்டிய குதிரை 11 வயது அரபுக் கலப்பு, 120 கிலோமீட்டரை இரண்டு முறை முடித்தது. விமான டிக்கெட் எடுத்த பிறகு, போட்டிக்கு மூன்று நாள் முன்னால், அதற்குக் காலில் அடி என்று சொல்லி 7 வயதுக் குதிரை ஒன்றைக் கொடுத்தார்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் விதிப்படி இரண்டு நட்சத்திரப் போட்டிக்கு, அதாவது 120 முதல் 139 கிலோமீட்டர் வரை, குதிரைக்குக் குறைந்தது 7 வயது போதும். "விதிக்கு உட்பட்ட குதிரை, ஆகவே நிகர்தான்" என்று ஏஜெண்ட் சாதித்தார். சட்டப்படி வாதாடினால் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரிகூடத் தோன்றும். அதற்காகத்தான் அந்த வரி.

அதனால் முன்பணத்துக்கு முன்பே குதிரையின் பெயரும் எஃப்.இ.ஐ. பதிவு எண்ணும் மைக்ரோசிப் எண்ணும் எழுத்தில் கைக்கு வர வேண்டும். "குதிரையின் பாஸ்போர்ட் தொழுவத்தில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எண் கிடைத்ததும் எஃப்.இ.ஐ.யின் இணையத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. முடித்த போட்டிகளை மட்டும் எண்ணாதீர்கள், முடிக்காதவற்றின் குறியீட்டைப் படியுங்கள். எஃப்.டி.கியூ. என்றால் தகுதி பெறவில்லை. பக்கத்தில் ஜி.ஏ. இருந்தால் நடையில் கோளாறு, நொண்டல். எம்.இ. இருந்தால் உடல் தாங்கவில்லை: நீர்ச்சத்து இழப்பு, குடல் ஓட்டம் நிற்பது, தசை இறுக்கம் அந்த வகை. ரைடரே நிறுத்திக்கொண்டதற்கு வேறு குறியீடு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஜி.ஏ. அடுத்தடுத்து இரண்டு முறை வந்த குதிரையை நாங்கள் தொட மாட்டோம். கடைசி நேரத்தில் கொடுக்கப்பட்ட அந்த 7 வயதுக் குதிரைக்கு ஐந்து போட்டிகளில் மூன்று ஜி.ஏ. இதைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் எண் கைக்கு வந்ததே தொழுவத்தில் இறங்கிய பிறகுதான்.

கடைசியாக ஓடிய தேதியையும் பாருங்கள். ஓடிய தூரத்தைப் பொறுத்துக் குதிரைக்குக் கட்டாய ஓய்வு உண்டு. 54 கிலோமீட்டரைத் தாண்டி 106 வரை ஓடியிருந்தால் 12 நாள், 126 வரை 19, 146 வரை 26, அதற்கு மேல் 33 நாள். நொண்டலுக்காக நிறுத்தப்பட்ட குதிரைக்கு இதற்கு மேலும் கூடும். வாடகைக் குதிரைகளைச் சீசன் முழுக்க வாரம் ஒரு ஆளுக்கு விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் தொல்லை. அதனால்தான் கடைசி நேரத்தில் குதிரை மாறுகிறது. விதிநூல் அவ்வப்போது திருத்தப்படுவதால், நீங்கள் ஓடப்போகிற ஆண்டின் பிரதியை எடுத்து ஒப்பிடுங்கள்.

வீடியோவை நம்பலாமா என்று கேட்கிறார்கள். ஏஜெண்ட் அனுப்பியது மணல் தளத்தில், ரைடர் ஏறிய நிலையில், கடிவாளம் இறுக்கிப் பிடித்து எடுத்தது. மென்மையான தரையும் இறுகிய கடிவாளமும் இலேசான நொண்டலை மறைத்துவிடும். கேட்க வேண்டியது வேறு: கெட்டியான தரை, ஆள் ஏறாமல் கையில் பிடித்து, கயிறு தளர்வாக, 40 மீட்டர் போய் 40 மீட்டர் வரும் ட்ராட், அதாவது மெல்லோட்டம். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். எடுப்பவர் அன்றைய தேதியைச் சொல்ல வேண்டும், குதிரையின் முகக்குறி தெரிய வேண்டும். முன்னங்கால் வலித்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். பின்னங்கால் என்றால் இடுப்பின் ஒரு பக்கம் அதிகமாக ஏறி இறங்கும்.

இதையும் தாண்டி ஏமாற்றலாம். ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணியைக் கொடுத்தால் நொண்டுகிற குதிரையும் வீடியோவில் நன்றாக நடக்கும். எஃப்.இ.ஐ. கட்டுப்படுத்தும் மருந்து அது, போட்டியின்போது உடம்பில் இருக்கக் கூடாது. ஆகவே பரிசோதனைக்கு முன் நிறுத்துவார்கள், நொண்டலும் திரும்பி வரும். நிறுத்தாமல் விட்டால் உங்களுக்கு இன்னும் மோசம்: மாதிரியில் மருந்து இருந்தால் முடிவு ரத்தாகும், வாடகைக் குதிரையாக இருந்தாலும் ஓட்டிய நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். குதிரையின் மருந்துக் குறிப்பேட்டில் கடைசி ஒரு மாதப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தர மறுக்கிற தொழுவத்தை விட்டுவிடுங்கள்.

குரூ விஷயத்திலும் அதே பேக்கேஜ் பொய்த்தது. ஒரு குதிரைக்கு இரண்டு பேர் என்று எழுதிவிட்டு, ஒரே ஆளை மூன்று குதிரைகளுக்கு வைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் பரிசோதனையில் தேறி ஓடிய மற்ற இருவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது இந்த விளையாட்டை அறிந்தவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு நடுச் சுற்றின் முடிவிலும் வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு 64-க்கு இறங்கியிருக்க வேண்டும். அந்தச் சுற்றுகளில் கால்நடை மருத்துவர்கள் சோதிக்கும் இடமான வெட்கேட்டுக்குள் நுழையும் வரை உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் சேணத்தை இறக்க, இன்னொருவர் கழுத்து, மார்பு, கால்களின் உட்புறம் என்று குளிர்ந்த நீரை ஊற்றி, சூடேறிய நீரைச் சுரண்டி வழித்து, மீண்டும் ஊற்ற வேண்டும். தனி ஆள் மூன்று குதிரைகளுக்கு ஓடினால் முதல் குதிரை நான்கு நிமிடத்தில் உள்ளே போகும், மூன்றாவது பதினான்காவது நிமிடத்தில் பதற்றத்தோடு போகும். பதற்றமே துடிப்பை ஏற்றும். ஒப்பந்தத்தில் "குரூ சேவை" என்று மட்டும் எழுதாமல் ஆட்களின் பெயர், எண்ணிக்கை, வாகனம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதுவரை எழுதச் சொல்லுங்கள்.

எடை விஷயமும் அங்கே கைவிடப்பட்டது. பெரியவர்களுக்குச் சேணத்தோடு சேர்த்து 70 அல்லது 75 கிலோ கட்டாயமான போட்டிகள் உண்டு. 55 கிலோ ரைடர் ஈயம் சுமந்தாக வேண்டும், அதற்குப் பை வைத்த சேணவிரிப்பு வேண்டும். அங்கே எதுவும் தயாராக இல்லை.

"நுழைவுப் பதிவை நானே அங்கே நேரடியாகப் போட்டுவிடுவேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.இ.ஐ. போட்டிக்கு நுழைவு உங்கள் தேசியக் கூட்டமைப்பின் வழியாகத்தான் போகும். முதலில் ரைடர் பதிவு இருக்க வேண்டும். அதற்கு முன் குறைந்த தூரப் போட்டிகளை விதித்த வேகத்துக்குள் முடித்துத் தகுதி பெற்றிருக்க வேண்டும். குதிரைக்கும் அதே போலத் தனித் தகுதி உண்டு. கூட்டமைப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு, உங்கள் பெயரோடு எந்தக் குதிரையின் எண் பதிவாகியிருக்கிறது, பதிவு எப்போது மூடுகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். "நாளைக்கே கடைசித் தேதி" என்ற அவசரம் பெரும்பாலும் இந்த ஒரு அழைப்பிலேயே கலைந்துவிடும்.

2008-ல் திரெங்கானுவின் லெம்பா பிடோங்கில் உலகச் சாம்பியன்ஷிப் நடத்திய நாடு நம்முடையது. அதில் வென்ற ஸ்பெயின்காரர் மரியா அல்வாரெஸ் பொன்டோன், 2010-ல் கெண்டக்கியிலும் அதே நோபி என்ற குதிரையில் வென்றார். பழகின குதிரை என்றால் அது. மூன்று நாள் பழக்கத்தில் வாடகைக் குதிரையை ஓட்டுகிறவருக்கு முடிப்பதே நல்ல இலக்கு. போஸ்டரில் "மேடை ஏறலாம்" என்று எழுதுகிறவர் இந்த விளையாட்டை உங்களுக்கு விற்கவில்லை, போட்டோவைத்தான் விற்கிறார்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். எண்ணும் பழைய முடிவுகளும் சரி என்று பார்த்த பிறகு ஒரு பங்கு, கூட்டமைப்பில் பதிவு உறுதியான பிறகு ஒரு பங்கு, முதல் பரிசோதனையில் குதிரை தேறிய பிறகு மீதி. தேறாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பது எண்ணிக்கையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். குதிரை மாறினால் வயது, நட்சத்திர நிலை, கடைசி 12 மாதத்தில் முடித்த போட்டிகள் மூன்றிலும் குறையக் கூடாது, குறைந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு என்றால், மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தேடுங்கள். பயணம், தங்குமிடம் சேர்த்து விற்கிறவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா, எஸ்.எஸ்.எம். (நிறுவன ஆணையம்) பதிவு உண்மையா என்றும் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் பந்தயத்தையும் போட்டியையும் விலக்கிவிடும். பாலிசியின் விலக்குப் பக்கத்தைப் படிக்காமல் குதிரை ஏறாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பணம் அனுப்பி மணிக்கணக்கு மட்டும் ஆகியிருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கும் வங்கிக்கும் கூப்பிடுங்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட். நாள் கடந்துவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஏஜெண்ட் மலேசியாவில் இருந்தால்தான் இது கைகொடுக்கும். பிரான்ஸில் இருக்கும் தொழுவத்தை இங்கே இழுக்க முடியாது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வையுங்கள். பரிசோதனைத் தாளில் மருத்துவர் எழுதிய குறிப்பைப் படமெடுங்கள். நொண்டல் எந்தக் காலில், எவ்வளவு என்று அதில்தான் இருக்கும், "நீ ஓட்டித்தான் கெடுத்தாய்" என்ற பேச்சு அதற்கு முன்னால் நிற்காது.